கன்ட்ரி காஸ்பல்: கேட்பவர்கள் சறுக்கும் இடங்கள்

காஸ்பல், அதாவது அமெரிக்கக் கிறிஸ்தவ பக்திப் பாட்டு, என்றதும் நீள அங்கி போட்ட கறுப்பினப் பாடகர் குழு கைதட்டிப் பாடுகிற காட்சிதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்த நினைப்போடு, அமெரிக்கக் கிராமத்து இசைப் பாணியில் வரும் கன்ட்ரி காஸ்பலைப் போட்டால் ஒரு கிட்டார், மூக்கால் பாடுகிற ஒரு குரல், மூன்றே மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்). இவ்வளவுதானா என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். தவறு பாட்டில் இல்லை. அமெரிக்காவில் அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று மரபுகள் இருக்கின்றன. கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்தது ஒன்று. சதர்ன் காஸ்பல் இன்னொன்று: பியானோவோடு நான்கு ஆண்கள் நான்கு குரலில் பாடுவது. ஜேம்ஸ் வாகன் என்ற டென்னசி பதிப்பாளர் தன் பாட்டுப் புத்தகங்கள் விற்க வேண்டுமே என்று 1910-ல் ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பினார். அதிலிருந்து வளர்ந்த தொழில் அது. கன்ட்ரி காஸ்பல், கிட்டாரும் ஃபிடிலும் மாண்டலினும் வைத்துக்கொண்டு மலையோரக் குடும்பங்கள் வீட்டில் பாடியதிலிருந்து வந்தது. நம்மூரில் ஞானப்பாட்டையும் கீர்த்தனையையும் ஒன்று என்று சொன்னால் பெரியவர்கள் சும்மா விடுவார்களா?

அதற்காக நடுவே வேலி போட்டு, இது வெள்ளையர் சங்கீதம் என்று முடித்துவிடவும் கூடாது. கன்ட்ரி பாடகர் ரெட் ஃபோலி 1951-ல் பாடிப் பெரும் வெற்றி கண்ட 'பீஸ் இன் த வேலி' பாட்டை எழுதியவர் சிகாகோவின் கறுப்பின இசையமைப்பாளர் தாமஸ் டார்சி. கன்ட்ரி இசையின் முன்னோடிப் பாடகர்களான கார்ட்டர் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்தபோது கூடவே போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். ஏ.பி. வார்த்தைகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனதில் வாங்கிக்கொள்வார். கன்ட்ரி இசையில் ஒலிக்கும் பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்காதான்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் தவறு வேறொன்று. "குடிகாரன் பாடுறதெல்லாம் பக்திப் பாட்டா?" என்கிற கேள்வி. கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைக் கேட்டால் இது கண்டிப்பாக வரும். முதுகுத்தண்டு வலி, குடி, வலிமருந்து என்று வாழ்ந்த மனிதர். 1953 புத்தாண்டு அன்று ஒஹையோவின் கேன்டனில் கச்சேரி. போகும் வழியிலேயே காரின் பின் இருக்கையில் இறந்துபோனார், வயது 29. அரங்கில் செய்தியை அறிவித்தபோது வேடிக்கை என்று நினைத்துச் சிலர் சிரித்திருக்கிறார்கள். அப்புறம் மேடையில் இருந்தவர்கள் அவருடைய 'ஐ சா த லைட்' பாட்டைத் தொடங்க, கூட்டமும் சேர்ந்து பாடியது. தடுக்கி விழுந்தவன் வெளிச்சத்தைப் பற்றிப் பாடுவதுதான் இந்த வகையின் உயிர். சனிக்கிழமை இரவு மதுக்கடைப் பாட்டு, ஞாயிறு காலை கோயில் பாட்டு. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வரும். இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ், மெம்ஃபிஸில் இசைத்தட்டு கம்பெனி நடத்திய சாம் பிலிப்ஸிடம் முதலில் கேட்டதே காஸ்பல் பாட வாய்ப்புதான். விற்காது என்று அவர் மறுத்துவிட்டார். வேறு கம்பெனிக்கு மாறி 1959-ல்தான் கேஷால் தன் முதல் பக்தி ஆல்பத்தை வெளியிட முடிந்தது.

அதே ஆண்டு வந்த, கன்ட்ரி இரட்டையர்களான லூவின் சகோதரர்களின் ஆல்பத்தை அட்டைப்படத்துக்காகவே கேலி செய்கிறார்கள். எரியும் டயர்கள், பின்னால் பலகையில் செய்த ஆளுயரத்தைவிடப் பெரிய சாத்தான், முன்னால் வெள்ளைக் கோட்டில் அண்ணன் தம்பி. சரி, சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரே வரியின் நடுவில் அண்ணன் ஐரா மேலே போவார், தம்பி சார்லி கீழே இறங்குவார். யார் மெட்டைப் பிடித்திருக்கிறார், யார் துணைக்குரல் என்று பிரித்துச் சொல்வது லேசு அல்ல.

பழைய பாட்டு என்றால் 'எழுதியவர் தெரியாது' என்று போடுவதும் சகஜம். கார்ட்டர் குடும்பம் 1935-ல் பதிவுசெய்த 'கேன் த சர்க்கிள் பி அன்புரோக்கன்' பாட்டுக்கு அடியில் 1907-ம் ஆண்டுப் பாமாலை ஒன்று இருக்கிறது. வரிகள் எய்டா ஹாபர்ஷான், மெட்டு சார்ல்ஸ் கேப்ரியல். தாயின் சவ ஊர்வலத்தைப் பற்றிய வரிகள் கார்ட்டர் வடிவத்தில் வந்தவை.

வாசித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கையில் பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) பிடித்துக் கிட்டாரின் ஆறு கம்பிகளையும் மேலும் கீழும் வழிக்காதீர்கள். நான் பல மாதம் அப்படித்தான் வாசித்தேன். பள்ளிச் சுற்றுலாப் பேருந்துப் பாட்டு மாதிரிதான் வந்தது. கார்ட்டர் குடும்பத்துக் கிட்டார் கலைஞர் மேபெல் கார்ட்டரின் வலது கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் கீழ் ஸ்தாயிக் கம்பிகளில் மெட்டை வாசிக்கும். ஒவ்வொரு சுரத்துக்கும் இடையில் ஆள்காட்டி விரல் மெல்லிய கம்பிகளை லேசாக வருடித் தாளம் கொடுக்கும். ஒரே கிட்டாரில் இரண்டு பேர் வேலை. பாடும்போது கமகம், பிருகா எதுவும் வேண்டாம். சுரத்தில் நேராகப் போய் நில்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் கன்ட்ரி பாடகர் ஆலன் ஜாக்சனின் 2006 ஆல்பம் 'பிரெஷஸ் மெமரீஸ்'. தன் அம்மாவுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கப் பாடியது, அலங்காரமே கிடையாது. அதில் 'வாட் எ ஃபிரெண்ட் வி ஹேவ் இன் ஜீசஸ்' பாட்டைக் கேட்டதும் திருநெல்வேலிக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் தானாகவே 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்ற தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டோடு சேர்ந்துகொள்வார்கள். மெட்டு அதேதான்.