பெருந்தொற்றுக் காலத்தில் பல் சிகிச்சை அறை: புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு

இலங்கையின் திருமலையிலும் (திருகோணமலை) சுற்றுவட்டாரத்திலும் சிறிய பற்சிகிச்சை நிலையங்களில் புதிதாகச் சேரும் பல் வைத்தியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொவிட்-19ஐப் பெருந்தொற்று என்றது. மார்ச் 20ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஆனால் ஊரடங்கு என்பதற்காக, கன்னம் வீங்கி வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாது. அடுத்த தொற்று வந்தாலும் இதே நிலைதான்.

கை கழுவ வேண்டும், முகக்கவசம் போட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைச் செய்வதில்தான் இடைவெளி விழுகிறது. காற்று, கவச உடையைக் கழற்றும் ஒழுங்கு, குளோரின் போத்தல் ஆகிய மூன்றிலும் அதிகம் விழுகிறது. அவற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1. முதலில் தொலைபேசி

காய்ச்சல், இருமல், மணம் தெரியாமை உண்டா, வீட்டில் யாருக்கும் தொற்றா என்று கேளுங்கள். முகவீக்கம், நிற்காத இரத்தம், தாங்க முடியாத வலி, அடிபட்ட பல் என்றால் காத்திருக்கச் சொல்லக்கூடாது. பல் சுத்தம் செய்வது போன்றவற்றைத் தள்ளிப்போடலாம். மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒருவர் வீணாக வந்து திரும்புவதும் இதனால் குறையும்.

2. காற்றின் வழி

டர்பைன் ஹேண்ட்பீஸ், அதாவது பல்லைக் குடையும் கருவி, நிமிடத்துக்கு மூன்று, நான்கு லட்சம் தடவை சுழல்கிறது. அதன் தண்ணீர், எச்சிலோடும் இரத்தத்தோடும் கலந்து நுண்துளியாகப் பறக்கும். பெரிய துளிகள் விழுந்துவிடும். மிகச் சிறியவை அறையிலேயே மிதந்துகொண்டிருக்கும். சாதாரண ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது.

ஆகவே ஒரு வெளியேற்று விசிறி பூட்டுங்கள். வைத்தியரின் பக்கமிருந்து சுத்தமான காற்று வந்து, நோயாளியைத் தாண்டி வெளியே போக வேண்டும். விசிறியைக் காத்திருப்பவர்கள் இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். மேற்குச் சுவரில் விசிறி பூட்டினால், வெளியே போக வேண்டியதை அந்தக் காற்றே உள்ளே தள்ளிவிடலாம். மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பிடித்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் கணக்கு. 4 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரம் என்றால் அறை 36 கன மீற்றர். விசிறி மணிக்கு 216 கன மீற்றர் இழுத்தால் காற்று மணிக்கு 6 முறை மாறும். அந்த வேகத்தில் மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை மாறினால் 23 நிமிடம் போதும். அடுத்த நோயாளிக்கு எத்தனை மணிக்கு நேரம் கொடுப்பது என்பதை இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

3. வாய்க்குள் கை வைக்குமுன்

0.2 சதவீத போவிடோன் அயடீன் அல்லது 1 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டால் 20 விநாடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். 3 சதவீத பெரொக்சைட்டு ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்தால் 1 சதவீதம் கிடைக்கும். தைரொயிட் நோய், அயடீன் ஒவ்வாமை, கர்ப்பம் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அயடீன் வேண்டாம்.

4. வேலை செய்யும்போது

கைக்கருவியால் முடியும் வேலைக்கு ஹேண்ட்பீஸை எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ரப்பர் டாம் (வேலை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) போடுங்கள். நேரம் போகிறது என்று பலர் இதை விட்டுவிடுவது எனக்குப் பெரிய கவலை. துளிகளை அவை கிளம்பும் இடத்திலேயே குறைப்பது இதுதான். பக்கத்தில் உதவியாளர் பலமான உறிஞ்சு குழாயைப் பிடித்திருக்க வேண்டும்.

5. கழற்றும் ஒழுங்கு

போடும்போது எல்லாரும் கவனமாக இருப்பார்கள். களைத்துப்போய்க் கழற்றும்போதுதான் கை முகத்துக்குப் போகும். முதலில் கையுறை, பிறகு மேலங்கியை உட்புறம் வெளியே வரும்படி சுருட்டுங்கள். கையைச் சுத்தம் செய்துவிட்டு, முகத்திரையைப் பின்பட்டியில் பிடித்துக் கழற்றுங்கள். அறையை விட்டு வெளியே வந்தபின்தான் என்95. முன்பக்கத்தைத் தொடாமல் கீழ்ப்பட்டி, அடுத்து மேல்பட்டி. மறுபடி கை: அல்கஹோல் என்றால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரம் என்றால் 40 முதல் 60. முதல் சில வாரம் ஒருவர் கழற்ற, இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

6. குளோரின் போத்தல்

மேற்பரப்புக்கு 0.1 சதவீதம் போதும். 5 சதவீதக் கரைசலில் 20 மில்லிலீற்றரை 980 மில்லிலீற்றர் தண்ணீரில் கலவுங்கள். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம் வேண்டும். முதலில் அழுக்கைத் துடையுங்கள். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அதிலேயே வீணாகிவிடும். பூசியபின் ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். வெக்கையும் வெயிலும் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், நம்மூரில் சொல்லவே வேண்டாம். ஒளி புகாத போத்தலில் திகதி எழுதி வைத்து, அன்றன்றைக்குக் கலப்பதே சரி. உலோகப் பகுதிகளுக்கு 70 சதவீத அல்கஹோல் பாவியுங்கள், குளோரின் துருப்பிடிக்க வைக்கும்.

7. கருவிகள்

ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் ஹேண்ட்பீஸில் 20 முதல் 30 விநாடி தண்ணீரும் காற்றும் ஓட விடுங்கள். பிறகு கழற்றி, கழுவி, ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வையுங்கள். துடைத்து மட்டும் அடுத்தவருக்குப் பாவிக்கவே கூடாது. 121 பாகை செல்சியஸ் என்றால் 15 நிமிடம், 134 என்றால் 3 நிமிடம். அந்தச் சூட்டை எட்டியபின்தான் நேரத்தை எண்ண வேண்டும். காட்டி டேப் நிறம் மாறினால் சூடு பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். கிருமி செத்ததா என்பதை, சூட்டைத் தாங்கும் கிருமி வித்துகளை உள்ளே வைத்து அவை அழிந்தனவா என்று பார்க்கும் வித்துச் சோதனைதான் காட்டும். வாரம் ஒருமுறை அதைச் செய்து, முடிவைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள்.