பார்க் மண்ணும் நாயின் வயிற்றுப் பூச்சியும்: நாம் செய்கிற தவறுகள்

நாய் ஆய் போன இடத்தில் காலால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, 'உரமாகிவிடும்' என்று நகர்ந்துவிடுகிறார்களே, அதுதான் முதல் தவறு. மாட்டுச் சாணம் நினைப்பு. நாயின் குடலில் இருக்கும் உருண்டைப்புழு ஒன்று, ஒரே நாளில் லட்சம் முட்டை வரைகூடப் போடும். வெளியே வந்த அன்றைக்கு அந்த முட்டைகளால் யாருக்கும் தொற்றாது; ஈர மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து, உள்ளே புழு வளர்ந்த பிறகுதான் ஆபத்து. அதற்குள் கழிவு மழையில் கரைந்து தடமே இல்லாமல் போயிருக்கும், அங்கேதான் ஒரு குழந்தை உட்கார்ந்து மண் அள்ளி விளையாடும், அதே கையை வாயிலும் வைக்கும். முட்டையோ மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில்கூட மண்ணில் தாக்குப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் தூவினாலும் அசையாது. அதனால் சூட்டோடு சூடாக கவரில் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

'எங்க நாய்க்கு ஊசியெல்லாம் போட்டாச்சு' என்பது அடுத்தது. அந்த ஊசி வெறிநோய்க்கு, வயிற்றுப் பூச்சிக்கு இல்லை. குட்டிகள் தாய் வயிற்றிலேயே இந்தப் புழுவை வாங்கிக்கொண்டுதான் பிறக்கின்றன. இரண்டு வார வயதிலிருந்தே பூச்சி மருந்து தொடங்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு. தெருநாயை மட்டும் குறை சொல்லிவிட்டு, ஏசி அறையில் தூங்கும் நம்ம செல்லத்துக்கு வருடம் ஒரு மாத்திரை கொடுப்பது என்ன நியாயம்?

எட்டு நடை போடுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே பக்கத்துப் புல்லிலும் மணலிலும் நடப்பார்கள். கூழாங்கல் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குறிப்பாக மழை விட்ட பிறகு. நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் நாயின் கொக்கிப்புழு ஒரு வாரம் பத்து நாளில் தயாராகி, வெறுங்காலின் தோல் வழியாகவே நுழைந்துவிடும். பாதத்தில் சிவப்பாகக் கோடு போட்ட மாதிரி ஒரு தடிப்பு, நாளுக்கு நாள் வளைந்து வளைந்து நகரும், அரிப்பு தூங்க விடாது. இதைப் படர்தாமரை என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது, தோல் மருத்துவரிடம் காட்டினால் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.

அப்புறம் சானிடைசர். விளையாடி வந்த பிள்ளையின் கையில் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் அது புழு முட்டையைக் கொல்லாது. சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியிலும் தேய்த்துக் கழுவினால்தான் ஒட்டியிருப்பது போகும். 'பள்ளியில்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே' என்றும் இருந்துவிடக் கூடாது. அந்த ஒற்றை மாத்திரை மனிதக் குடலில் வாழும் புழுவுக்கானது. நாயின் உருண்டைப்புழு நம் குடலில் தங்காமல் கல்லீரல், நுரையீரல், கண் என்று அலையும். அதனால் மலப் பரிசோதனையிலும் சிக்காது. கண்ணுக்குப் போனால் பார்வையே பாதிக்கப்படலாம். பிள்ளைக்கு ஒரு கண் மங்கினாலோ புதிதாக மாறுகண் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இதற்காக நாயைத் தொட்ட பிள்ளையை அதட்ட வேண்டியதில்லை, நாயின் முடியைவிட பழைய மண்தான் கவலைக்குரியது. பார்க்கில் சறுக்குமரத்துக்குக் கீழே மணல் கொட்டியிருந்தால், ராத்திரி பூனைகளுக்கு அதுதான் கழிப்பறை; பூனைக் கழிவிலும் இதே மாதிரிப் புழு முட்டை இருக்கலாம். சாயங்காலம் பூட்டும்போது அதன்மேல் ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி வாட்ச்மேனிடம் கேட்டுப் பாருங்கள்.