வேதிச் சமநிலை: ஐந்து சோதனைக்குழாய்களில் ஒரு பாடவேளை

சமநிலை என்றதும் "வினை நின்றுவிட்டது" என்று எழுதும் பிளஸ் ஒன் மாணவர்களே அதிகம். உண்மையில் முன்னோக்கு, பின்னோக்கு வினைகள் இரண்டும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும். இரட்டை அம்புக்குறி போட்டு மட்டும் இதை மாற்ற முடியாது. ஃபெரிக் அயனியும் தயோசயனேட்டும் சேரும் வினையைக் காட்டிவிட்டு, பிறகு சமன்பாட்டுக்குப் போங்கள்.

கரைசல்: நீரேறிய ஃபெரிக் குளோரைடு 2.7 கிராம், 100 மி.லி. வாலை வடிநீரில். ஓரிரு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள், இல்லையென்றால் கலங்கிவிடும். பொட்டாசியம் தயோசயனேட் 1 கிராம், இன்னொரு 100 மி.லி.யில். இரண்டுமே ஏறத்தாழ 0.1 மோலார்.

1. இரண்டிலும் 1 மி.லி. எடுத்துக் கலந்தால் ரத்தச் சிவப்பு வரும். செய்முறை சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். இந்த அடர்த்தியில் எதைச் சேர்த்தாலும் நிறமாற்றம் கண்ணுக்குப் படாது. 100 மி.லி. ஆகும்வரை நீர் ஊற்றி இளம் ஆரஞ்சுக்குக் கொண்டுவாருங்கள்.

2. ஐந்து குழாய்களில் 10 மி.லி. வீதம் ஊற்றுங்கள். முதல் குழாயில் 10 சொட்டு நீர் மட்டும். ஒப்பிட இது கட்டாயம் வேண்டும்.

3. இரண்டாவதில் 10 சொட்டு தயோசயனேட். அதற்குச் சொந்த நிறம் கிடையாது, ஆனாலும் சிவப்பு ஏறும். மூன்றாவதில் 10 சொட்டு ஃபெரிக் குளோரைடு. அங்கும் ஏறும். இங்கே நிறுத்திக் கேளுங்கள்: "வினை முடிந்திருந்தால் இப்போது சேர்த்தது எதோடு சேர்ந்தது?" இரண்டு வினைபடுபொருள்களுமே மிச்சம் இருந்தன என்பதை அவர்களே சொல்லட்டும். சிவப்புச் சேர்மமாக மாறியிருப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். சமநிலை என்றால் பாதிக்குப் பாதி என்ற எண்ணமும் இதோடு போகும்.

4. நான்காவதில் சில சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு. பழுப்பு வீழ்படிவாக இரும்பு வெளியேற, சிவப்பு மங்கும்.

5. ஐந்தாவதை 70 டிகிரி வெந்நீரில் வையுங்கள், நேரடிச் சுடர் வேண்டாம். நிறம் வெளுக்கும். பனிக்கட்டி நீரில் திரும்பி வரும். சிவப்பு உண்டாகும் முன்னோக்கு வினை வெப்ப உமிழ்வினை.

மீதி 50 மி.லி.யைக் கொட்டிவிடாதீர்கள். ஒரே அளவுள்ள இரு பீக்கர்களில் பாதிப் பாதி ஊற்றி, ஒன்றில் மட்டும் 25 மி.லி. நீர் சேர்த்து, வெள்ளைத் தாள்மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். செறிவு பாதியானாலும் உயரம் இரட்டிப்பு. வெறும் நீர்த்தல் என்றால் இரண்டும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். நீர் சேர்த்தது வெளிறியிருக்கும். துகள்கள் அதிகமுள்ள பக்கம், அதாவது சேராத தனி அயனிகளின் பக்கம், சமநிலை நகர்ந்துவிட்டது.

பின்சேர்க்கை: பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் பின்னோக்கு வினை நடக்கும் என்று சிலர் நடத்துகிறார்கள். பொட்டாசியமும் குளோரைடும் இந்த வினையின் அயனிச் சமன்பாட்டிலேயே இல்லை. நிறையச் சேர்த்தால் நிறம் கொஞ்சம் குறையலாம். குளோரைடு இரும்போடு தனியாக அணைவு உண்டாக்குவது அதற்கு ஒரு காரணம். முதல் வகுப்பில் இதைத் தொடாதீர்கள்.