குட்டி சவான்னா உடும்பு: முதலில் மண், அப்புறம் வெப்பம், கடைசியில்தான் கை

உடும்புக் குட்டியைப் பார்த்ததும் கையில் எடுக்கத்தான் தோன்றும். ஒரு சாண் நீளம், ஓயாமல் வெளியே வந்து போகும் பிளவுநாக்கு. ஆனால் அது வளர்ந்து 90 முதல் 120 சென்டிமீட்டர் வரை போகும், பத்தாண்டுக்கு மேலும் உயிர்வாழும். இதற்கு இடமும் பொறுமையும் இருக்கிறதா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 1: சட்டம்

எல்லா உடும்பு இனங்களும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் (CITES) ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. நம் காடு கழனிகளில் திரியும் வங்க உடும்பைப் பிடிப்பதும் வளர்ப்பதும் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைத் தொடவே வேண்டாம். இங்கே சொல்வது ஆப்பிரிக்காவின் சவான்னா உடும்பைப் பற்றி. அதற்கும் நீங்கள் இருக்கும் நாட்டில் அனுமதி இருக்க வேண்டும். உரிய தாள்கள் இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

படி 2: மண்

நான் சறுக்கிய இடம் இதுதான். நாலு விரல் ஆழத்துக்கு மரத்தூள் பரப்பி வைத்தேன். குட்டி நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டியது. சேட்டை என்று நினைத்தேன். அது வளை தோண்டத் தேடிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

சவான்னா உடும்பு வளைக்குள் வாழும் பிராணி. குட்டிக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர், வளர்ந்ததற்கு 60 சென்டிமீட்டர் ஆழ மண் வேண்டும். உரம் கலக்காத தோட்டமண்ணோடு மணல் சேர்த்துத் தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். ஒரு கை அள்ளி அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. உருண்டையில் விரலை விட்டு எடுத்தால் துளை இடியாமல் நின்றால், வளையும் நிற்கும். மேல்மண் காயலாம், அடிமண் ஈரமாகவே இருக்கட்டும். காய்ந்த பெட்டியில் வளரும் உடும்புக்கு உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் கெடும்.

பெட்டி மூடியதாக இருக்கட்டும். வலைமூடி போட்டால் ஈரமெல்லாம் பறந்துவிடும். வளர்ந்தபின் சுமார் 2.4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் தேவைப்படும்.

படி 3: வெப்பம்

பெட்டிக்குள் விளக்கடியில் அது வெயில் காயும் இடத்தின் தரை 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இது காற்றின் வெப்பமில்லை, அந்தத் தரையின் மேற்பரப்பு வெப்பம்; அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். பெட்டியின் மறுகோடி 25 முதல் 28 டிகிரியில் இருந்தால், சுட்டதும் அங்கே ஒதுங்கிக்கொள்ளும். ஒரே விளக்கைக் குவித்து அடித்தால் முதுகில் ஒரு புள்ளி மட்டும் வெந்துபோகும். இரண்டு மூன்று ஹாலஜன் விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உடல் முழுதும் காயும். மின்சாரத்தில் சூடாகும் கல் வேண்டவே வேண்டாம். கூடவே புறஊதா 'பி' (UVB) கதிர் தரும் குழல்விளக்கு, பகலில் 12 மணி நேரம்.

படி 4: தீனி

பூச்சியும் நத்தையும்தான். பூச்சி என்றால் கரப்பான், சுவர்க்கோழி. குட்டிக்குத் தினமும் கொடுக்கலாம், கால்சியம் பொடி தூவி. எலிக்குஞ்சை ஆவலாக விழுங்கும், உண்மைதான். அதையே வழக்கமாக்கினால் கொழுத்து ஈரல் கெடும். உடல் முழுதும் இறங்கும் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டி வையுங்கள். அதிலேயே கழிக்கும், தினம் மாற்றத்தான் வேண்டும்.

காட்டிலிருந்து பிடித்து வந்த குட்டிகளும் விற்பனைக்கு வருவதால், வாங்கியதும் எச்சத்தை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துக் குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படி 5: பழக்குதல்

முதல் இரண்டு வாரம் கையை உள்ளே விடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், தீனி போடுங்கள், அவ்வளவே. உடல் உப்பி, சீறி, வாலைச் சுழற்றினால் "போ" என்று அர்த்தம். அப்போது வளையிலிருந்து இழுத்துப் பார்த்தால் உடும்புப்பிடி என்றால் என்னவென்று நேரிலேயே தெரிந்துகொள்வீர்கள்.

பிறகு தினமும் கொஞ்ச நேரம் கையை மண்மேல் அசையாமல் வைத்திருங்கள். தீனியை இடுக்கியால் மட்டும் கொடுங்கள்; விரலில் கரப்பான் வாசம் இருந்தால் விரலும் கரப்பான்தான். ஒரு நாள் அதுவாக வந்து உங்கள் மணிக்கட்டை நாக்கால் தடவிப் பார்க்கும். அப்போதும் தூக்காதீர்கள், ஏறினால் ஏறட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றின் தோலில் சால்மொனெல்லா இருக்கலாம்.