உப்புக்காற்று ஊரில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் பராமரிப்பு

மண்டபம், தொண்டி பக்கம் இறால் பண்ணைத் தண்ணீரையும் கடல்நீரையும் சோதிக்கும் ஆய்வகங்களில் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை, அதாவது ஒரு கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவியை, கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். உள்ளே இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடிகளுக்கு அலுமினியப் பூச்சு. உப்பும் ஈரமும் படிந்தால் அது மங்கிவிடும். முதலில் அடிவாங்குவது புறஊதாப் பகுதி. அதனால் கருவி இருக்கும் அறையில் சன்னலைத் திறக்காதீர்கள். ஏசி காற்று நேராகக் கருவிமேல் அடிக்கவும் கூடாது. கருவிக்குள் மாதிரி வைக்கும் சிறு அறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சீக்கிரமே நிறம் மாறிவிடும், அடிக்கடி பாருங்கள்.

கடல்நீர் சிந்தினால் உடனே ஈரத்துணியால் துடையுங்கள், காய விடாதீர்கள். மாதிரியை ஊற்றி அளக்கும் சிறு குப்பியான கியூவெட்டையும் வேலை முடிந்த கையோடு காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள்.

விளக்கு மாற்றும்போது மின்கம்பியைப் பிடுங்கி, ஆற விட்டுத் தொடுங்கள். ஹாலோஜன் பல்பில் வெறுங்கை பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, சூட்டில் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். புறஊதா ஒளி தரும் டியூட்டீரியம் விளக்கு எரியும்போது அதை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. கண்ணாடிகளையும், ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கிரேட்டிங்கையும் டிஷ்யூவால்கூடத் தொடாதீர்கள். இதில் நான் யாருக்கும் விதிவிலக்கு தரமாட்டேன்.

இனி அளவுத்திருத்தம். அரைமணி நேரம் சூடாக விட்ட பிறகு அலைநீளத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது நகர்ந்திருந்தால் பின்னால் எடுக்கும் உறிஞ்சல் அளவுக்கு அர்த்தமே இல்லை. டியூட்டீரியம் விளக்கு இருந்தால் அதன் சொந்தக் கோடுகள் 486.0, 656.1 நானோமீட்டரில் வரும். அலைநீளம் சரிபார்க்கப் பயன்படும் ஹோல்மியம் கரைசலில் சுமார் 241, 287, 361, 536 நானோமீட்டரில் உச்சிகள் தெரியும். துல்லியமான எண்களுக்குக் கரைசலோடு வரும் சான்றிதழைப் பாருங்கள். புறஊதாவில் 1 நானோமீட்டருக்கு மேல் விலகல் இருந்தால் நான் ஏற்பதில்லை.

அப்புறம் உறிஞ்சல். உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 60 மில்லிகிராமை 0.005 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். அமிலத்தையே பிளாங்க்காக (உறிஞ்சலைச் சுழியமாக்கும் ஒப்பீட்டுத் திரவமாக) வைத்து, 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் கியூவெட்டில் 235, 257, 313, 350 நானோமீட்டரில் முறையே சுமார் 0.75, 0.87, 0.29, 0.64 வர வேண்டும். கையுறை கட்டாயம், டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது சிதறொளிச் சோதனை. கடற்கரையில் கண்ணாடி மங்குவதை முதலில் காட்டிக்கொடுப்பது இதுதான். லிட்டருக்கு 12 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, தண்ணீரை பிளாங்க்காக வைத்து 198 நானோமீட்டரில் அளக்கவும். உறிஞ்சல் 2-க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் வேண்டாத ஒளி உள்ளே திரிகிறது என்று பொருள். அடர்த்தியான மாதிரிகளுக்கு உண்மையைவிடக் குறைவான எண் வரும், நிறைய நைட்ரைட் உள்ள குளத்தைக்கூடப் பரவாயில்லை என்று சொல்லிவிட நேரும்.

சரி, 2-ஐத் தொடவில்லை என்றால்? குவார்ட்ஸ் கியூவெட்டைக் கழுவி, புதுக் கரைசலோடு மறுபடி பாருங்கள். டியூட்டீரியம் விளக்கு எரிந்த மணிக்கணக்கையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எண் ஏறாவிட்டால் சர்வீஸ் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை புறஊதா அளவீட்டை நிறுத்திவையுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நடக்கும், நைட்ரைட்டுக்கான 543 நானோமீட்டர் வேலையை மட்டும், தெரிந்த அடர்த்தியுள்ள கரைசலோடு தினமும் ஒப்பிட்டு, மாதிரியின் உறிஞ்சல் 1-க்குக் கீழே வரும்படி நீர்க்கவைத்துத் தொடரலாம்.