அம்பாசிடர் என்ஜினில் தேய்ந்த வால்வு கைடுகளை மாற்றுவது எப்படி?

நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியைக் கியரிலேயே இறங்க விடுங்கள். சமதளம் வந்ததும் மீண்டும் மிதியுங்கள். பின்னால் நீலப் புகை குபீரென்று கிளம்பிச் சில நொடிகளில் அடங்கிவிட்டால், உங்கள் என்ஜினின் வால்வு கைடுகள், அதாவது வால்வுத் தண்டுகள் ஏறி இறங்கும் சிறு குழாய்கள், தேய்ந்திருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். காலை எடுத்ததும், காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் பக்கத்தில் வெற்றிடம் மிகக் கடுமையாகிறது. வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்களான ராக்கர்களின் மூடிக்குள் இருக்கும் எண்ணெயை, வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக அது உறிஞ்சிவிடுகிறது.

பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் புகை வரும். ஆனால் அந்தப் புகை ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போது, விடாமல் வரும். சந்தேகமிருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், அளந்து பாருங்கள். பிளக் துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக உயர்ந்தால் குற்றம் ரிங்கில் இருக்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1959 முதல் அம்பாசிடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் என்ஜின். பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலிண்டர்களை மேலே மூடும் வார்ப்பிரும்பு ஹெட், எட்டு வால்வுகள், எட்டு கைடுகள். கைடு என்பது ஹெட்டில் இறுக்கி அடித்த ஒரு சிறு இரும்புக் குழாய், அவ்வளவுதான். ஆனால் வால்வு நேராக ஏறி இறங்குவதும், மூடும்போது பதியும் வளைய விளிம்பான சீட்டில் வட்டம் பிசகாமல் உட்காருவதும், சூடு ஹெட்டுக்குக் கடந்து போவதும் அதைப் பொறுத்தவை. கைடை விட்டுவிட்டு, வால்வையும் சீட்டையும் தேய்த்துச் சீராக்கும் வால்வு கிரைண்டிங் மட்டும் செய்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆடும் வால்வு, புதிதாகத் தேய்த்த சீட்டையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

ஹெட்டைக் கழற்றுவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ராக்கர் தண்டைத் தாங்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரைத் தனியாக எடுத்துவிடலாம் என்று அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணிக்கொள்ளும். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு தடித்த அட்டையில் துளைகள் போட்டு எண் எழுதி, வால்வுகளையும், ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகளையும் அந்தந்த இடத்தில் செருகி வையுங்கள். முன்பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், அதாவது புகை வெளியேறும் வால்வுகள். 2, 3, 6, 7 இன்லெட்.

இனி அளக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை லேத் பட்டறையில் ‘தௌ’ என்பார்கள். நமக்கு வேண்டிய அளவெல்லாம் அதில்தான். மைக்ரோமீட்டரை வால்வுத் தண்டில் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் வையுங்கள். கைடுக்குள் ஓடாத பகுதிக்கும் ஓடிய பகுதிக்கும் அளவு வேறுபட்டால் தண்டும் தேய்ந்திருக்கிறது. பிறகு ஒரு புதிய வால்வைப் பழைய கைடில் விட்டு, சீட்டிலிருந்து சற்றுத் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புது வால்வும் கடகடவென்று ஆடினால் கைடு போய்விட்டது என்று பொருள். ராக்கர் வால்வுத் தண்டைப் பக்கவாட்டிலும் தள்ளுவதால், கைடு நடுவில் தேய்வதைவிட இரு முனைகளிலும் அதிகமாகத் தேய்ந்து, நாதஸ்வர அணசு போல வாய் விரிந்திருக்கும். விரல் நுனியை உள்விளிம்பில் ஓட்டினாலே அந்த விரிவு தெரியும்.

கழற்றும் முன் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் உட்காரும் தளத்திலிருந்து கைடின் தலை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அந்த உயரம். பி-சீரிஸ் ஹெட்டுக்குப் பரவலான அளவு 5/8 அங்குலம், அதாவது 15.87 மி.மீ. இருந்தாலும் உங்கள் ஹெட்டை எட்டு இடத்திலும் அளந்து எழுதுங்கள். நான் முதன்முதலில் செய்த ஹெட்டில் எட்டையும் ஒரே மூச்சில் அடித்து வெளியேற்றிவிட்டேன். கடையில் வாங்கிய கைடுகள் பழையவற்றைவிடச் சற்று நீளமாக இருந்தன. மேல்முனையை வைத்துப் பொருத்துவதா, கீழ்முனையை வைத்தா என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க வேலை நின்றது. கைடு அதிகம் நீட்டினால், வால்வு முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங் மூடி அதன் தலையில் இடிக்கும். அதிகம் இறங்கினால் போர்ட்டுக்குள் நீண்டு காற்றின் வழியை அடைக்கும்.

பழைய கைடை மேலிருந்து கீழாக, எரிஅறைப் பக்கம் தள்ள வேண்டும். கரி படிந்த முனை போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், இப்படித் தள்ளும்போது அந்தக் கரி ஹெட்டின் துளைக்குள் நுழையாமலே வெளியேறிவிடும். மேலே தெரியும் பகுதியில் எண்ணெய்ப் பிசின் இருந்தால் முதலில் சுரண்டித் துடையுங்கள். அந்த முனை துளை முழுவதையும் கடந்து வர வேண்டியது. இதற்கான பஞ்சை (கைடை அடித்துத் தள்ளும் தண்டு) லேத்தில் கடைந்து வாங்குங்கள்: 7/16 அங்குல உருக்குத் தண்டு, நுனியில் ஒரு அங்குல நீளத்துக்கு 5/16 அங்குலமாகக் குறைத்தது. அந்த மெல்லிய பகுதி கைடுக்குள் இறங்கிப் பஞ்சை நழுவாமல் வைத்திருக்கும். ஹெட்டின் இருபுறமும் மரக்கட்டை கொடுத்து, கைடு வெளியே விழக் கீழே இடம் விடுங்கள். கை பிரஸ் கிடைத்தால் சுத்தியல் வேண்டாம்.

காலியான துளையில் நீளவாக்கில் கீறல் விழுந்திருந்தால், வெளிவிட்டம் கூடிய ஓவர்சைஸ் கைடு வாங்க வேண்டிவரும். புதிய கைடின் வெளிவிட்டம் துளையைவிட ஒன்று முதல் இரண்டு தௌ பெரிதாக இருப்பது வழக்கம். அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கைடை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு தௌ சுருங்கும். உதவி சிறிதென்றாலும் முதல் சில அடிகளில் கைடு கோணாமல் இறங்க அது கைகொடுக்கும். சரியாக 5/8 அங்குல உயரத்தில் ஒரு உருக்கு வளையம் கடைந்து ஸ்பிரிங் தளத்தில் வைத்துவிட்டால், பஞ்சு அதில் முட்டும் இடத்தில் நிறுத்திவிடலாம். கைடும் மேலிருந்துதான் இறங்க வேண்டும். இன்லெட் கைடில் அதிகம் சாய்வாக வெட்டிய முனை மேலே வரட்டும். எக்ஸாஸ்ட் கைடில் உள்ளே அகலப்படுத்திய முனை கீழே போகட்டும்.

இறுக்கி அடித்ததும் கைடின் உள்துளை சற்றுச் சுருங்கும். புது வால்வு உள்ளே போகாவிட்டால் பதற வேண்டாம், துளையை உள்ளே சீவி அகலப்படுத்தும் ரீமர் போட வேண்டிய நேரம் அது. ரீமரை வலப்பக்கமாகவே சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் அதே திசைதான். பின்னோக்கிச் சுற்றினால் விளிம்பு மழுங்கி உள்சுவர் கீறிப்போகும். இன்லெட்டுக்கு 1.5 முதல் 2.5 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 2 முதல் 3 தௌ இடைவெளி இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் தண்டு அதிகம் சூடாகி விரிவதால்தான் அந்தக் கூடுதல். சுத்தமான தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுச் செருகினால், வால்வு தன் எடையிலேயே நிதானமாக வழுக்கி இறங்க வேண்டும்.

கைடு மாறினால் அதன் மையமும் மயிரிழை மாறும். எனவே 45 பாகை சீட்டை மறுபடி வெட்டியே ஆக வேண்டும். கட்டரின் வழிகாட்டித் தண்டு கைடுக்குள் நிற்பதால் கைடு முதலில், சீட்டு பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை; பழைய வார்ப்பிரும்பு சீட்டுக்கு ஈயம் தந்த பாதுகாப்பும் அதோடு போனது. பட்டறைக்குப் போகும் இதே பயணத்தில் எக்ஸாஸ்ட்டுக்குக் கடினப்படுத்திய சீட்டு வளையம் போட்டுவிடுவது நல்லது. பிறகு கிரைண்டிங் பேஸ்ட் வைத்து, வால்விலும் சீட்டிலும் சாம்பல் நிற வளையம் இடைவெளியின்றிச் சுற்றிவரும் வரை தேயுங்கள். பேஸ்ட்டில் ஒரு துளிகூடக் கைடுக்குள் தங்கக் கூடாது. மண்ணெண்ணெயும் நீண்ட பிரஷ்ஷும் கொண்டு மூன்று முறை கழுவுங்கள்.

ஸ்பிரிங் மாட்டியபின் ஹெட்டைக் கவிழ்த்து எரிஅறையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். போர்ட் வழியாகக் கசிந்தால் அந்த வால்வை மறுபடி தேய்க்க வேண்டும். பூட்டும்போது தண்டுகளுக்கு எண்ணெயும், தண்டில் மாட்டும் சிறு ரப்பர் வளையங்களுக்குப் புதியவையும் அவசியம். ஹெட்டை மேனுவல் சொல்லும் வரிசையிலும் முறுக்கு அளவிலும் இறுக்கி, டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி, வையுங்கள்.

முதல் சில நிமிடங்கள் புகை வரும். பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிவதுதான் அது. 500 கிலோமீட்டர் ஓடியதும் என்ஜின் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் மறுபடி பாருங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வையுங்கள். எண்ணெய் ஈரமில்லாமல், வெளிர் பழுப்பாக நான்கும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும்.