குரலும் பியானோவும் மட்டும்: இருவர் இசைத்தொகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் மாங்குளத்திலிருந்து ஒரு அக்காவும் தம்பியும், தாங்கள் வீட்டில் பதிவு செய்த ஐந்து ஜாஸ் பாடல்களுடன் கிளிநொச்சியில் உள்ள என் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார்கள். அக்காவின் குரலையும் தம்பியின் மின்பியானோவையும் தவிர வேறு வாத்தியம் இல்லை. முதற் பாடலின் இரண்டாம் வரியிலேயே, பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அப்படியே கேட்டது. சுருதி விலகுவது, மைக்கில் மூச்சு மோதுவது போன்றவற்றை எவரும் தாமாகவே கண்டுகொள்வர்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

தனித்தனியாகப் பதிவு செய்தல்

தம்பி, சீராகத் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமின் தட்டலைக் கேட்டபடி எல்லாவற்றையும் தனியே வாசித்து முடிக்க, அக்கா இன்னொரு நாள் அதன்மேல் பாடியிருக்கிறார். டிரம்ஸும் பேஸும் உள்ள குழுவுக்கு இம்முறை ஒத்துவரலாம். இருவர் மட்டும் இசைக்கையில் தாளத்தைப் பிடித்து வைத்திருக்க மூன்றாமவர் இல்லை; பாடுபவர் வரி முடிவில் ஒரு சொல்லை நீட்டும்போது பியானோ காத்திருப்பதிலும், அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் இரண்டு சுரங்களால் பதில் சொல்வதிலுமே அந்த இசை இருக்கிறது. பாடகர் ரொனி பெனற்றும் பியானோக் கலைஞர் பில் எவன்ஸும் 1975 ஜூனில் கலிபோர்னியாவின் பேர்க்லியில் பதிவு செய்த தொகுப்பை இதற்காகவே கேட்க வேண்டும்.

இதை நான் எட்டுப் பாடல்களை இழந்துதான் படித்தேன். பாடிய ஆசிரியை ஒரு சொல்லை நீட்ட விரும்பிய இடத்தில், நான் முன்பே வாசித்து வைத்த பியானோ அடுத்த கோர்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதிக்கு) போய்விட்டிருந்ததால், அவர் ஒவ்வொரு முறையும் சொல்லைப் பாதியில் விழுங்கினார். கணினியில் பியானோவை வெட்டித் தள்ளிச் சரிசெய்யலாம் என்று இரண்டு வாரம் உட்கார்ந்தேன். பெடலை மிதித்து வாசித்த பியானோவில் முந்தைய கோர்டின் கார்வை அடுத்ததன்மேல் படிந்து கிடக்கும். எங்கே வெட்டினாலும் அந்தக் கார்வை துணி கிழிந்ததுபோல் அறுந்து கேட்டது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இருவரும் ஓர் அறையில் அமர்ந்து இரண்டு இரவுகளில் பதிவு செய்தோம்.

இன்றும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் இங்கே தனித்தனியாகப் பதிவு செய்யக் காரணமே இல்லை. உண்மையான பியானோவானால் அதன் ஒலி குரல் மைக்கிலும் கலக்கும் என்று அஞ்சலாம்; மின்பியானோவின் ஒலியோ வயர் வழியே நேரே கணினிக்குப் போகிறது. இருவரும் ஹெட்போன் அணிந்து, ஒருவர் தோளை மற்றவர் பார்க்கும்படி இருந்தால் போதும்.

பாடும் மெட்டையே பியானோவிலும் வாசித்தல்

கர்நாடகக் கச்சேரியில் வயலின் குரலைத் தொடர்ந்து செல்வதைக் கேட்டு வளர்ந்த கை, இங்கும் அதையே செய்யப் பார்க்கும். ஜாஸில் மெட்டைப் பாடுபவரிடம் விட்டுவிட்டு, அதன் கீழே கோர்டுகளை அளவாக வைக்க வேண்டும். 1950இல் பாடகி எலா பிற்ஸ்ஜெரால்டுக்கு எலிஸ் லார்கின்ஸ் வாசித்த பியானோவில் இந்த அடக்கத்தைக் கேட்கலாம்.

எதிரொலியை அள்ளிச் சேர்த்தல்

காதருகே பாடும் குரல் மண்டபத்துக்குள் போய்விடும்.

ஐப்பசியில் தகரக் கூரையின் கீழ் பதிவு வைத்தல்

வேண்டாம்.

அக்காவும் தம்பியும் வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறார்கள். பக்கத்து அரிசி ஆலை ஓய்ந்த பின், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மெட்ரோனோம் இல்லாமல் முதற் பாடலிலிருந்து தொடங்குவோம்.